குதிரையைத் தொடாத டாக்டரம்மா

என் தங்கை மகள் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் வாங்கியவள். கல்யாணமாகி அமெரிக்கா போனவள், அங்கே உரிமம் இல்லாததால் ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறாள். "இங்கே டாக்டரம்மா, அங்கே போய் நாய்க்கூண்டு கழுவுகிறாளாமே" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது, தாய்மாமனாகிய எனக்குக் கோபம் வருவது உண்மை. ஆனால் அந்த நாட்டுத் தேர்வுமுறையின் மேல் எனக்குக் கோபமில்லை. நம் நாட்டிலும் 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பட்டமும் கவுன்சில் பதிவும் இல்லாமல் கால்நடை மருத்துவராகத் தொழில் செய்ய முடியாதே.

வெளிநாட்டில் படித்துவிட்டு, அங்கே உரிமம் பெற அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழியாகப் போகிறவர்களுக்குப் பட்டச் சரிபார்ப்பு, ஆங்கிலத் தேர்வு, 225 கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வு ஆகியவற்றைக் கடந்தபின் மூன்று நாள் செய்முறைத் தேர்வு இருக்கிறது. எழுத்துத் தேர்வு அவளுக்குப் பொருட்டே இல்லை. செய்முறைத் தேர்வில் மயக்க மருந்து, அறுவை, எக்ஸ்ரே, பிணப் பரிசோதனை, சிறுபிராணி, பண்ணை விலங்கு, குதிரை என ஏழு பிரிவுகள் உண்டு, அங்கேதான் சிக்கல்.

பண்ணை விலங்கில் அவளை அசைக்க முடியாது. எங்கள் கிடேரி முதல் ஈத்தில் தவித்த இரவில், டார்ச் வெளிச்சத்தில் முழங்கைவரை கைவிட்டு, மடங்கிக் கிடந்த கன்றின் முன்னங்காலை நிமிர்த்தி வெளியே எடுத்தவள் அவள். குதிரைக்கு எங்கே போவது? நம் பக்கம் அய்யனார் கோயில் மண்குதிரைகளைத்தான் அதிகம் பார்த்திருப்போம். "மாமா, நான் குதிரையைத் தொட்டதே ரெண்டு தடவைதான்" என்றாள்.

என் குறை இதுதான்: கைத்திறனைச் சோதிக்கிறவர்கள், கையைப் பழக்கிக்கொள்ள இடம் காட்டுவதில்லை. அவள் வேலை பார்க்கும் இடத்தில் உரிமம் இல்லாதவர் கத்தியைத் தொடக் கூடாது. கத்தியைத் தொட்டுப் பழகாமல் பெண் நாய்க்குக் கருப்பை நீக்கும் அறுவையைத் தேர்வாளர் முன் செய்து காட்டி உரிமம் வாங்கவும் முடியாது. சென்ற வைகாசியில் ஊருக்கு வந்தபோது, திண்ணைத் தூணில் நூலைச் சுற்றி ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். மேற்பார்வையோடு கூடிய பயிற்சியைத் தேர்வுக்கு முன்பே அவர்கள் தர வேண்டும். நம் கல்லூரிகளும் பயிற்சிக் காலத்தில் மாணவர்களைச் சில வாரமாவது குதிரை லாயங்களுக்கு அனுப்ப வேண்டும்.

இப்போது சனிக்கிழமைதோறும் ஒரு குதிரைப் பண்ணையில் சம்பளமில்லாமல் சாணம் அள்ளப் போகிறாளாம். வேலை முடிந்ததும் காலைத் தூக்கிக் குளம்பு பார்க்க விடுகிறார்களாம்.