கன்ட்ரோலருக்குப் பாலித்தீன் பை வேண்டாம்

மழை வந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு யோசனை சுற்றுகிறது: மின்சார ஸ்கூட்டரில் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கன்ட்ரோலரைப் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் தண்ணீர் புகாதாம். தவறு. உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட்டுகள் (மின்னணு சுவிட்சுகள்) வண்டி ஓடும்போது சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் வரிவரியான அலுமினிய உறை. பையால் மூடினால் சூடு உள்ளேயே தங்கும், மேம்பாலம் ஏறும்போது மாஸ்ஃபெட் எரிந்துபோகலாம். போதாக்குறைக்கு, வண்டி குளிர்ந்ததும் பைக்குள் ஈரம் துளித்துளியாகப் படியும்.

தண்ணீர் பெரும்பாலும் நுழைவது ஒயர் வெளிவரும் வாய் வழியாகத்தான். அந்த வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். அதற்கு இடமில்லையா, ஒயரைச் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள். நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

சரி, உறையில் ஐபி67 என்ற தூசி, நீர் தடுப்புக் குறியீடு இருந்தால்? 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் வைத்துப் பார்க்கும் சோதனை அது. வாட்டர் சர்வீஸில் பிரஷர் பம்பால் அடிக்க அனுமதி அல்ல.