சர்ஜரி ரெசிடென்சி: எத்தனை இடங்களுக்கு விண்ணப்பம் போடுவது?

அமெரிக்காவில் ஜெனரல் சர்ஜரி ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்கு, தயாராகும் தம்பி தங்கைகள் கோடைக்காலம் முழுக்க என்னிடம் கேட்பது ஒன்றுதான்: பயிற்சி தரும் எத்தனை மருத்துவமனைப் புரோகிராமுக்குப் போடலாம்? வாட்ஸ்அப் குழுக்களில் இதற்கு ஒரு பதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "பணம் இருக்கும் வரை எல்லா இடத்துக்கும் போடு." விண்ணப்பங்களை வாசிக்கும் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பதில் சிலருக்குச் சரி, பலருக்குத் தவறு. யாருக்கு எது என்று பிரிக்காமல் பயத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் அதையே சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். யாருக்கு எந்தப் புரோகிராமில் இடம் என்று முடிவு வரும் மார்ச் மாத மேட்ச் வாரத்தில் உங்களைக் காப்பாற்றப்போவது ரேங்க் லிஸ்ட், அதாவது நீங்கள் தரும் விருப்ப வரிசைப் பட்டியல். அதில் இடம்பெறுவது இன்டர்வியூ கிடைத்த புரோகிராம்கள் மட்டுமே. மேட்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி. அமைப்பு வெளியிடும் 'சார்ட்டிங் அவுட்கம்ஸ்' அறிக்கையைத் திறந்து பாருங்கள். எத்தனை இடங்களைத் தொடர்ச்சியாக ரேங்க் செய்தால் மேட்ச் ஆகும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு வளைகோடு போட்டிருப்பார்கள். ஜெனரல் சர்ஜரியில், அமெரிக்க எம்.டி. (அங்கே அது அடிப்படை மருத்துவப் பட்டம்) மாணவர்களுக்கு, ஏறத்தாழ ஒரு டஜன் இடங்களைத் தாண்டும்போது அந்தக் கோடு உச்சத்துக்குப் பக்கத்தில் போய்விடும். அப்புறம் ஏறுவது மிகக் கொஞ்சம். ஆக, உங்களுக்குத் தேவை சுமார் 12 இன்டர்வியூ. அவற்றைப் பெற எத்தனை விண்ணப்பம் வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். 40 போதும் என்பவர் உண்டு, 150 போட்டும் நான்கு வராதவர் உண்டு.

செலவையும் பார்த்துவிடுவோம். 2025 மேட்ச் பருவத்திலிருந்து விண்ணப்பம் போடும் தளமான ஈராஸின் கட்டணம் ஒரு துறைக்கு முதல் 30 விண்ணப்பங்கள் வரை தலா 11 டாலர், 31-லிருந்து தலா 30 டாலர். 30 இடங்களுக்கு 330 டாலர். 60 என்றால் 1,230. 100 என்றால் 2,430. 200 இடங்களுக்குப் போட்டால் 5,430 டாலர். கட்டண அமைப்பே 30-ஐத் தாண்டுமுன் யோசி என்று சொல்கிறது. கடனில் படிக்கும் மாணவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

இப்போது சிக்னல் விஷயத்துக்கு வருகிறேன். பழைய சீனியர்களின் அறிவுரை பொருந்தாமல் போவது இங்கேதான். 2020-21 பருவத்தில் இ.என்.டி. துறை முதலில் தொடங்கியது. அடுத்த பருவத்தில் ஜெனரல் சர்ஜரியும் சேர்ந்தது. 'உங்கள் இடத்துக்கு வர எனக்கு உண்மையிலேயே விருப்பம்' என்று குறிப்பிட்ட சில புரோகிராம்களுக்கு மட்டும் தெரிவிக்கும் ஏற்பாடு இது. ஜெனரல் சர்ஜரியில் 5 சிக்னலோடு ஆரம்பித்து, பிறகு எண்ணிக்கையைக் கூட்டினார்கள். ஆர்த்தோவில் 30 கொடுக்கிறார்கள். புரோகிராம் இயக்குநருக்குத் தெரிவது தன் இடத்துக்கு நீங்கள் சிக்னல் கொடுத்தீர்களா இல்லையா என்பது மட்டும். வேறு யாருக்குக் கொடுத்தீர்கள் என்பது தெரியாது.

இது விண்ணப்ப எண்ணிக்கையின் மதிப்பையே மாற்றிவிட்டது. ஒரு புரோகிராமில் ஆண்டுக்கு ஐந்தாறு கேட்டகாரிக்கல் இடம் (முழுப் பயிற்சிக்கான இடம்) இருக்கும், விண்ணப்பமோ ஆயிரத்துக்கு மேல் வரும். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-இன் மதிப்பெண் 2022 ஜனவரியில் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் ஆகிவிட்டதால், மதிப்பெண்ணை வைத்து வடிகட்டிய பழைய வழியில் பாதி அடைபட்டுவிட்டது. அப்போது முதலில் கண்ணில் படுவது சிக்னல் கொடுத்தவர்களின் பட்டியல்தான். சிக்னல் தந்த இடத்தில் இன்டர்வியூ கிடைக்கும் வாய்ப்பு, தராத இடத்தைவிடத் தெளிவாக அதிகம். சிக்னல் நிறைய உள்ள துறைகளில் சிக்னல் இல்லாத விண்ணப்பத்துக்கு வாய்ப்பு மிகவும் மெல்லியது. அந்த நிலையில் சிக்னல் இல்லாத 70-ஆவது விண்ணப்பமும் 90-ஆவது விண்ணப்பமும் எதற்கு? பயத்தைத் தணிக்க. பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தலா 30 டாலர் கொடுத்து அதைத் தணிப்பதைவிட, சிக்னல் பட்டியலை ஒரு வாரம் உட்கார்ந்து ஒழுங்காகப் போடுவது பல மடங்கு பயன் தரும்.

சிக்னல்களை எல்லாம் பெரிய பெயர்களுக்கே கொட்டிவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஆராய்ச்சிக்கு ஒன்றிரண்டு ஆண்டு சேர்த்து ஆறேழு ஆண்டு பயிற்சி தரும் பல்கலைக்கழகப் புரோகிராம்களுக்கு மட்டும் கொடுத்தால், பல்கலைக்கழகத்தோடு இணைந்த கம்யூனிட்டி மருத்துவமனைகளும் தனிக் கம்யூனிட்டி புரோகிராம்களும் உங்களை வர விருப்பமில்லாதவர் என்றே எடுத்துக்கொள்ளும். ஐந்தே ஆண்டில் கை நிறைய ஆபரேஷன் செய்து வெளியே வர வைக்கும் இடங்கள் அவற்றில் நிறைய உண்டு. ஆசைக்குச் சில, பொருத்தத்துக்குப் பெரும்பகுதி, உறுதிக்குச் சில என்று சிக்னலைப் பங்கிடுங்கள். சொந்தக் கல்லூரிக்கும் அவே ரொட்டேஷன் செய்த (மாணவராகப் போய்ப் பயின்ற வெளி) இடத்துக்கும் சிக்னல் வேண்டுமா என்பது துறைக்குத் துறை வேறுபடும். அந்த ஆண்டின் விதியை வாசித்து முடிவெடுங்கள், போன வருஷத்து அக்கா சொன்னதை வைத்து வேண்டாம்.

பரவலாகப் போடுவது என்று நான் சொல்வது இதைத்தான். புரோகிராம் வகையில் பரவல் வேண்டும், நிலப்பகுதியில் பரவல் வேண்டும். நியூயார்க், பாஸ்டன், கலிஃபோர்னியா என்று மூன்று இடங்களிலேயே 80 விண்ணப்பம் போடுபவர் பரவலாகப் போட்டவர் ஆகமாட்டார். ஈராஸில் நிலப்பகுதி விருப்பத்தைக் குறிக்கவும் இடம் உண்டு. ஒரு பகுதியோடு உங்களுக்கு உண்மையான தொடர்பு இருந்தால் அதைக் காரணத்தோடு எழுதுங்கள். ஒஹையோவில் வளர்ந்த ஒருவர் ஒஹையோவுக்குத் திரும்ப விரும்புகிறார் என்ற ஒற்றை வரி, வாசிப்பவர் கண்ணில் நிற்கிறது.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வருபவர்களுக்கு நான் வேறு மாதிரிதான் சொல்வேன். உங்களுக்கு 100 என்பது பல நேரம் தொடக்கம். பட்டம் பெற்று எத்தனை ஆண்டு ஆனது என்பதை வைத்தே சில இடங்கள் விண்ணப்பத்தைத் திறக்காமல் தள்ளிவிடுகின்றன. விசா இன்னொரு சுவர்: சில இடங்களில் ஜே-1 என்ற பயிற்சி விசா மட்டும், சில இடங்களில் எந்த விசாவும் கிடையாது, எச்-1பி என்ற வேலை விசா வேண்டுமென்றால் உரிமத் தேர்வின் ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும். ஆனால் அதனாலேயே கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்துக்கும் போடக்கூடாது. ஒவ்வொரு புரோகிராமின் இணையதளத்தையும் திறந்து விசா விதி, பட்டம் பெற்ற ஆண்டின் வரம்பு, இப்போது அங்கே பயிலும் ரெசிடென்ட்களில் வெளிநாட்டில் படித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று மூன்றையும் பாருங்கள். ஒருவர்கூட இல்லாத இடத்தை நீக்குங்கள். நீக்கிய பிறகும் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும், ஆனால் அதில் உயிர் இருக்கும். இந்த வேலை சலிப்பூட்டும், வாரக்கணக்கில் ஆகும், ஆனாலும் இதைச் செய்தவர்களின் விண்ணப்பங்கள் வித்தியாசமாகத் தெரிகின்றன.

பிரிலிமினரி இடங்களைப் பற்றியும் மனம்விட்டுப் பேச வேண்டும். அது ஓராண்டுப் பணி மட்டும். இரண்டாம் ஆண்டுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அங்கிருந்து கேட்டகாரிக்கல் இடத்துக்குப் போனவர்கள் உண்டு, ஆண்டுக்கு ஆண்டு பிரிலிம் செய்தபடியே சோர்ந்து போனவர்களும் உண்டு. போடுவதென்றால், முந்தைய பிரிலிம் ரெசிடென்ட்கள் அடுத்து எங்கே போனார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தை நான் நம்பமாட்டேன்.

வலுவான விண்ணப்பம் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2020-இல் கோவிட் வந்து இன்டர்வியூக்கள் திரைக்கு மாறிய பிறகு, பயணச் செலவு இல்லை என்பதால் 20, 25 என்று ஒத்துக்கொண்டே போகிறார்கள். 15-ஐத் தாண்டினால் உங்கள் பட்டியலின் அடியில் இருப்பவற்றை விட்டுக்கொடுங்கள். அந்த இடம் மூன்றே இன்டர்வியூவோடு தூங்காமல் இருக்கும் ஒருவருக்குப் போய்ச் சேரலாம். நீங்கள் இழப்பது அனேகமாக ஒன்றும் இல்லை.

எந்த எண்ணைத் தேர்ந்தாலும், போக மனமில்லாத இடத்தை ரேங்க் லிஸ்ட்டில் எழுதாதீர்கள். மேட்ச் முடிவு உங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். வாரத்துக்கு 80 மணி நேரம் வரை, குறைந்தது ஐந்து ஆண்டு, அங்கேதான் உங்கள் வாழ்க்கை. எழுதும் வரிசையும் உங்கள் உண்மையான விருப்ப வரிசையாக இருக்கட்டும். மேட்சில் யாருக்கு எந்த இடம் என்று கணக்கிடும் அல்காரிதத்தை மறுவடிவமைத்த ஆல்வின் ராத், அதன் அடிப்படைக் கோட்பாட்டைத் தந்த லாய்ட் ஷாப்ளி இருவருக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. 'அவர்கள் என்னை எடுப்பார்களா' என்று ஊகித்து வரிசையை மாற்றுவதால் விண்ணப்பதாரருக்கு லாபம் வராதபடி அமைக்கப்பட்டது அது.

டிசம்பர் தொடக்கத்தில் கையில் ஐந்துக்குக் குறைவான இன்டர்வியூ இருந்தால், புதிதாக 50 இடங்களுக்கு விண்ணப்பம் போட உட்காராதீர்கள். அந்த நேரத்தில் பெரும்பாலான புரோகிராம்கள் அழைப்பை முடித்துவிட்டிருக்கும். உங்களை அறிந்த சர்ஜன் ஒருவரிடம் உண்மை நிலையைச் சொல்லி, அவருக்குத் தெரிந்த இயக்குநர்களுக்குத் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். கூடவே மேட்ச் ஆகாதவர்கள் நிரம்பாத இடங்களுக்கு விண்ணப்பிக்கும் மேட்ச் வாரத்து 'சோப்' சுற்றுக்கும் தயாராகிவிடுங்கள். அதில் 45 விண்ணப்பம்தான் அனுமதி, யோசிக்க நேரம் மிகக் குறைவு. எனவே பிரிலிம் ஒப்புக்கொள்வீர்களா, வேறு துறைக்குப் போவீர்களா, ஓராண்டு ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி வருவீர்களா என்பதை வீட்டில் பேசி ஜனவரிக்குள்ளேயே முடிவு செய்துவிடுங்கள்.