மெல்லிய படலத்தில் பாஸ் (தாழ்ந்த ஒலி) வராதா?

எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரில் வழக்கமான கூம்புக்குப் பதிலாக, மின்புலத்தால் அசையும் மெல்லிய படலம்தான் ஒலி எழுப்பும். "எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரின் படலம் பாலித்தீன் பை மாதிரி மெல்லிசு, அதில் பாஸ் வரவே வராது" என்ற பேச்சு பரவுகிறது. மெல்லிசு என்பது சரி. ஆனால் பாஸ் குறையக் காரணம் அது அல்ல. பெட்டி இல்லாததால் படலம் முன்னும் பின்னும் ஒலிக்கிறது. பின்பக்க அலை ஓரம் சுற்றி வந்து முன்னலையை அழித்துவிடுகிறது. 50 ஹெர்ட்ஸ் பாஸ் அலையின் நீளமே சுமார் 7 மீட்டர். படலம் பொருத்திய சிறிய பலகை அது சுற்றி வருவதை எப்படித் தடுக்கும்? அதனால்தான் பலகையை அகலமாக்குகிறார்கள், அல்லது கீழே வூஃபர் (பாஸுக்கான கூம்பு ஸ்பீக்கர்) சேர்க்கிறார்கள். 1957இல் வந்த குவாட் இஎஸ்எல் என்ற எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரில் வூஃபரே கிடையாது; ஆனாலும் செல்லோவின் அடித்தந்தி அதில் தெளிவாகக் கேட்கும். படலம் அசைய இடம் குறைவு என்பதால் பாஸை அதிரவிட முடியாது, அது உண்மைதான். வாங்குமுன் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைத்துக் கேளுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.