ராமானுஜன் வீட்டுத் திண்ணையில புளியங்கொட்டையக் கொட்டுங்க

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவுல கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டுக்கு வர்றவங்கள கவனிச்சுப் பாத்துருக்கேன். கோயிலுக்கு வந்தவங்க அப்படியே உள்ள வருவாங்க, சிலைகிட்ட ஒரு போட்டோ, தெருப் பக்கம் ஜன்னல் வச்ச அந்த சின்ன ரூம்ல கெடக்குற கட்டில எட்டி ஒரு பார்வை, கொல்லைல கெணறு, அவ்ளோதான், கெளம்பிடுவாங்க. அவங்கள குறை சொல்லவே மாட்டேன், சின்ன ஓட்டு வீடு, பாக்கறதுக்கு அவ்ளோ நேரந்தான் ஆகும். எனக்கு ஆதங்கம் நம்ம ஊர்ப் பசங்கள பத்தி. ஸ்கூல்ல ஒருதடவை வரிசையா கூட்டிட்டு வந்து காட்டிட்டுப் போனதோட சரி, அந்த வீட்டுல உக்காந்து ஒரு கணக்கு போட்டுப் பாத்த புள்ள எத்தனை இருக்கும் சொல்லுங்க.

வீடு இன்னைக்கு நிக்கிறதே பெரிய விஷயம், சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி ஒழுங்கா பராமரிக்குது, அதுக்கு நன்றி சொல்லியே ஆகணும். 2005லேர்ந்து 32 வயசுக்கு மேல போகாத கணித ஆராய்ச்சியாளர்களுக்கு ராமானுஜன் பேர்ல பரிசும் குடுக்குறாங்க, 32ங்கிறது அவர் செத்துப்போன வயசு. மஞ்சுள் பார்கவா, அக்‌ஷய் வெங்கடேஷ், மரினா வியாசோவ்ஸ்கா எல்லாம் இந்தப் பரிச வாங்கிட்டு அப்பறமா கணக்குலயே ரொம்பப் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் மெடல் வாங்குனவங்க. இவ்ளோ பெரிய ஆளுங்க பேரு நம்ம ஊரோட சேந்து கெடக்குது, ஆனா பக்கத்துத் தெரு ஏழாங்கிளாஸ் புள்ளைக்கு அதுல என்ன இருக்கு?

இத்தனைக்கும் அந்த வீடு ஒரு காலத்துல படிக்கிற பசங்க புழங்குன வீடு. அப்பா புடவைக் கடையில கணக்கெழுதுனவரு, வருமானம் பத்தாம காலேஜ் பசங்கள வீட்டுல தங்க வச்சுருந்தாங்க, அந்த அண்ணன்மாருக்குத் தெரிஞ்ச கணக்கையெல்லாம் சின்னப் பையன் ராமானுஜன் கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டாரு. பேப்பர் வாங்க கட்டுப்படியாகாம சிலேட்டுல போட்டு முழங்கையால அழிச்சு அழிச்சு எழுதுன மனுஷன். அப்பேர்ப்பட்ட வீட்டுல சத்தமே இல்லாம சுத்திப் பாத்துட்டுப் போறது எனக்கு ஒப்பல.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு படி புளியங்கொட்டை போதும். நாலு கொட்டைய எத்தனை விதமா குவியல் குவியலா பிரிக்கலாம்னு புள்ளைங்ககிட்ட கேளுங்க. நாலும் ஒரே குவியல், மூணும் ஒண்ணும், ரெண்டும் ரெண்டும், ரெண்டும் ஒண்ணும் ஒண்ணும், தனித்தனியா நாலு, ஆக 5 விதம். ஒம்பது கொட்டைக்கு 30. பதினாலுக்கு 135. நாலுலேர்ந்து அஞ்சஞ்சா கூட்டிக்கிட்டே போங்க, எவ்ளோ தூரம் போனாலும் வர்ற விடை அஞ்சால வகுபடும். இது ராமானுஜன் கண்டுபிடிச்சு நிரூபிச்ச விஷயம், காலேஜ் பாடம்னு நாம ஒதுக்கி வச்சுருக்கோம், ஆனா முப்பது விதத்தையும் விடாம தேடிப் புடிக்கிறதுக்கு கூட்டத் தெரிஞ்சா போதும்ங்க, அவரு உக்காந்த வீட்டுலயே உக்காந்து கைநிறைய கொட்டைய வச்சுக்கிட்டு "இன்னும் ஒண்ணு இருக்கு, இன்னும் ஒண்ணு இருக்கு"ன்னு புள்ளைங்க கத்தணும், அதுதான் அவருக்கு மரியாதை.

அப்பறம் கோலம். ராமானுஜன் பொறந்தநாள் டிசம்பர் 22, அது மார்கழி, தெரு முழுக்க கோலமா இருக்குற நேரம். அன்னைக்கு நம்ம வீட்டுப் பொம்பளைங்கள கூப்புடுங்க. 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வச்சு, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிக்கு நடுவுல எல்லாம் இழை குறுக்கப் போற மாதிரி சிக்குக் கோலம் இழுத்தா, கைய எடுக்காம ஒரே இழைல முடிஞ்சுடும். 4 வரிசை, 4 புள்ளின்னா நாலு தனி இழை வரும். எத்தனை இழைங்கிறது அந்த ரெண்டு நம்பரோட மீ.பொ.கா. தான், அதாவது மீப்பெரு பொதுக் காரணி, ரெண்டையும் மீதியில்லாம வகுக்குற பெரிய நம்பர். ஆறாங்கிளாஸ்ல புள்ளைங்க மனப்பாடம் பண்ற அதே மீ.பொ.கா. நாப்பது வருஷமா கோலம் போடுற அத்தை தன் கையால போட்டுக் காட்டட்டும், பேத்தி கணக்க சொல்லட்டும், ரெண்டு பேருக்கும் அந்த வீடு சொந்தமாயிடும்.

இதெல்லாம் நடக்காத காரியம் இல்ல. சென்னை ராயபுரத்துல 1993ல ராமானுஜன் மியூசியம் ஆரம்பிச்சவரு பி.கே. சீனிவாசன்னு ஒரு கணக்கு வாத்தியாரு, மியூசியத்தோட சேத்தே கணிதக் கல்வி மையமும் வச்சாரு, புள்ளைங்கள வச்சு கணக்குக் கண்காட்சியெல்லாம் நடத்துனாரு. ஒரு வாத்தியாரு மனசு வச்சு நடந்தது.

ஒண்ணே ஒண்ணு, தயவுசெஞ்சு போட்டி வைக்காதீங்க. முதல் பரிசு, ரெண்டாம் பரிசு, சர்டிபிகேட், மேடை எதுவும் வேணாம். நம்ம ஊர் காலேஜ்லயே மத்த பாடத்துல பெயிலாகி ஸ்காலர்ஷிப்ப எழந்தவரு அவரு, அவரு வீட்டுலயும் மார்க்க காட்டி புள்ளைங்கள பயமுறுத்தணுமா? வீடு சின்னது, பழசு, கூட்டம் தாங்காதுன்னு சொல்றதும் நியாயந்தான், அதனால ஒரு நேரத்துக்கு பத்துப் பன்னெண்டு புள்ளைங்க, சனிக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்தப்பறம், திண்ணையில. அவரு படிச்ச டவுன் ஹைஸ்கூல் பசங்கள்லேர்ந்து ஆரம்பிக்கலாம், அரசு ஆர்ட்ஸ் காலேஜ் மேத்ஸ் ஸ்டூடண்ட்ஸ் சொல்லிக் குடுக்கலாம். நிர்வாகத்துல இருக்கறவங்ககிட்ட முறையா லெட்டர் குடுக்கப் போறேன், கையெழுத்துப் போடவும் சனிக்கிழமை வந்து புள்ளைங்களோட உக்காரவும் தயாரா இருக்கற ஊர்க்காரங்க கமெண்ட்ல சொல்லுங்க, ரிட்டையர் ஆன கணக்கு டீச்சருங்க கண்டிப்பா வேணும்.