நாகர்கோவில் குளிருக்கு ராத்திரி முழுக்க ராடு தேவையில்லை

மார்கழியில் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற, டிரம்மில் பிடித்து மூடி, ராத்திரி முழுக்க ஹீட்டர் ராடு போட்டு வைக்கணும் என்று இங்கே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

குளிக்கத் தண்ணீர் காய்ச்சும் சாதாரண ராடில் தெர்மோஸ்டாட் கிடையாது. நாம் நிறுத்தும்வரை சூடேறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் வற்றினால் பிளாஸ்டிக் டிரம் உருகித் தீப்பிடிக்கும். ஸ்விட்ச் போட்டிருக்கும்போது தண்ணீருக்குள் கையை விட்டால் உயிருக்கே ஆபத்து.

சரி, குளிருக்கு என்ன செய்வது? கணக்குப் போட்டுப் பாருங்கள். 27 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தொட்டியில் 20 லிட்டரை எடுத்துவிட்டு, மொட்டைமாடி டாங்கியில் விடியற்காலை இருக்கும் 24 டிகிரி தண்ணீரை ஊற்றினாலும் 26.4 டிகிரிதான் ஆகும். கப்பி, மாலி, கோல்டுஃபிஷ் எல்லாம் இதைத் தாங்கும். மலையடிவாரத்துப் பேச்சிப்பாறைப் பக்கம் இன்னும் குளிரும், டிஸ்கஸ் வகை மீனுக்கும் சூடு அதிகம் வேண்டும். அந்தப் பக்கத்துக்காரர்களும் டிஸ்கஸ் வளர்ப்பவர்களும் 18 லிட்டர் தண்ணீருக்கு 80 டிகிரி வெந்நீர் ஒரு லிட்டர் கலந்தால் மூன்று டிகிரி ஏறும். வாளியில் கலக்கி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே ஊற்றணும்.

டிரம்மை இறுக்கி மூடுவதும் தப்பு. குழாய்த் தண்ணீரின் குளோரின் வெளியேற வழியில்லாமல் போகும். டிரம்மின் வாயில் மெல்லிய வேட்டித் துணியைக் கட்டி, உள்ளே ஏர் ஸ்டோன் (பம்புக் காற்றைச் சிறு குமிழ்களாக விடும் கல்) ஓடவிடுங்கள், கொசுவும் முட்டையிடாது. போர்வெல் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் ஆக்சிஜன் குறைவு. அதற்கும் சில மணி நேரம் காற்று வேண்டும்.