பாதையின் நீளத்தை விடுங்கள், அது எங்கே அறுபடுகிறது என்று சொல்லுங்கள்

பிரான்சின் மிதிவண்டிச் சுற்றுலாப் பாதைகளைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் முதலில் நீளத்தைத்தான் சொல்கிறார்கள். லுவார் ஆற்றை ஒட்டிய பாதை சுமார் 900 கிலோமீட்டர். ஜெனீவா ஏரியிலிருந்து ரோன் ஆற்றோடு மத்தியதரைக் கடலுக்கு இறங்கும் வியாரோனா 815 கிலோமீட்டர். பிரித்தானி முனையிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை அத்திலாந்திக் கரையோரமாகச் செல்லும் வெலோதிசே 1,200 கிலோமீட்டருக்கும் மேல். இந்தப் பாதைகளை உருவாக்கியவர்களின் உழைப்பின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் ஒரு பாதையின் தகுதியை அதன் மொத்த நீளம் சொல்வதில்லை. மோட்டார் வாகனங்களோடு சாலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய அதன் மிக மோசமான ஒரு கிலோமீட்டர்தான் சொல்கிறது என்பது என் உறுதியான கருத்து. எட்டு வயதுப் பிள்ளையோடு வரும் தாய், முழங்கால் வலியோடு ஓட்டும் பெரியவர், லாரியின் இரைச்சல் கேட்டாலே கை நடுங்கும் புதியவர் ஆகியோர் அந்த ஒரு கிலோமீட்டரைப் பார்த்துத்தான் வருவதா, வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள்.

மோட்டார் வாகனமே நுழையக் கூடாத பாதைக்கு இந்நாட்டில் 'வ்வா வெர்த்' என்று பெயர். பசுமைப் பாதை என்று சொல்லலாம். 2004 செப்டம்பரில் வெளியான அரசாணை ஒன்று அதைச் சாலை விதிகளில் சேர்த்து, நடப்போர், மிதிவண்டி ஓட்டுவோர், குதிரையேறிச் செல்வோர் போன்றோருக்கு மட்டும் உரியதாக்கியது. ஆனால் அரசாணைக்கு முன்பே பாதை பிறந்துவிட்டது. பூர்கோஞ் பகுதியில், சோன்-எ-லுவார் மாவட்டத்தில், ஜிவ்ரியிலிருந்து க்ளுனி வரை கைவிடப்பட்டுக் கிடந்த ரயில் தடத்தின் மேல் 1997-இல் 44 கிலோமீட்டருக்குத் தார்ப் பாதை திறக்கப்பட்டது. நாட்டின் முதல் பசுமைப் பாதை அதுதான்.

அந்தப் பாதையை நான் இன்றும் முதலிடத்தில் வைக்கிறேன். திராட்சைத் தோட்டங்களுக்கும் மாடுகள் மேயும் புல்வெளிகளுக்கும் நடுவே அது போகிறது. புயிக்ஸி, சேன் ஜாங்கூ, கொர்மத்தான் என்று ஊருக்கு ஊர் பழைய ரயில் நிலையக் கட்டடங்கள் வருகின்றன. சாலைகள் குறுக்கிடும் இடங்களில் கேட்கீப்பர் குடும்பம் வாழ்ந்த சின்னஞ்சிறு வீடுகள் இருக்கின்றன. மேட்டின் மேல் தேஸே கிராமம், கடைசியில் 910-இல் தோன்றிய மடாலயத்தின் எச்சங்களோடு க்ளுனி. இவ்வளவு மேடுபள்ளமான நாட்டுப்புறத்தில் ஓட்டும்போதும் கால்களுக்கு மேடு என்பதே பெரிதாகத் தெரிவதில்லை. ரயில் செங்குத்தாக ஏறாது. நூறு மீட்டர் ஓட்டத்துக்கு மூன்று மீட்டர் உயர்வதே அதற்குப் பெரும்பாடு என்பதால், பொறியாளர்கள் குன்றை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் தடத்தைச் சமன்படுத்தி வைத்தார்கள். அன்று நீராவி எஞ்சினுக்காகச் செய்த அந்த வேலையின் பலனை இன்று நம் முழங்கால்கள் அனுபவிக்கின்றன.

க்ளுனியைத் தாண்டி மக்கோன் பக்கம் போனால் புவா க்ளேர் சுரங்கம் வருகிறது, நீளம் 1.6 கிலோமீட்டர். வெயில் கொளுத்தும் நாளிலும் உள்ளே நுழைந்த சில நொடிகளில் உடம்பு சிலிர்த்துவிடும். மேலாடையைப் பையின் அடியில் வைத்தவர்கள் வாயிலிலேயே நின்று அதைத் தேடியெடுப்பதைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கே உறங்குவதால் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். அந்த மாதங்களில் போகிறவர்கள் குன்றைச் சுற்றி ஏறித்தான் இறங்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்தில் சுரங்கம் வௌவால்களுக்கே உரியது.

இப்படி ஒரு பாதை எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். 1879-இல் பொதுப்பணி அமைச்சராக இருந்த சார்ல் தெ ஃப்ரேசினே, நாட்டின் சிற்றூர்களையும் ரயிலால் இணைக்கும் பெருந்திட்டத்தைச் சட்டமாக்கினார். படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கால்வாய் நீர்ப்பூட்டுகளுக்கு ஒரே சீரான அளவு விதித்தவரும் அவரே. அவ்வாறு விரிந்த கிளை ரயில் பாதைகளில் பலவற்றை இருபதாம் நூற்றாண்டில் கார்களும் பேருந்துகளும் வென்றுவிட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. ஆனாலும் நூறு ஊர்களின் வயல்களைக் கடந்து ஒற்றை நாடாவாகக் கிடந்த அந்த நிலம் பல இடங்களில் துண்டு துண்டாக விற்கப்படாமல் பொது உடைமையாகவே இருந்தது. பசுமைப் பாதைக்கு அடிப்படை தாரோ பெயர்ப்பலகையோ அல்ல, அறுபடாத அந்த நிலம்தான். ஒரு மாவட்டம் இடையில் இரண்டு கிலோமீட்டரைக் கிடங்குக்கோ வீட்டுமனைக்கோ விற்றுவிட்டால், பின்னால் எத்தனை கோடி யூரோ கொட்டினாலும் அந்தச் சமதளத் தொடர்ச்சி எளிதில் திரும்பக் கிடைக்காது.

ரயில் தடத்துக்கு அடுத்த கொடை கால்வாய்க் கரைகள். படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற கரைப்பாதை இன்று மிதிவண்டிப் பாதையாகியிருக்கிறது. துலூசிலிருந்து மேற்கே 193 கிலோமீட்டர் ஓடும் கரோன் கால்வாயின் கரை, என் பார்வையில், புதிதாக நெடும்பயணம் தொடங்குகிறவருக்கு நாட்டிலேயே மிகச் சிறந்த இடம். பெரும்பாலும் தார் போட்டிருக்கிறார்கள், மரநிழல் இருக்கிறது, ஒவ்வொரு நீர்ப்பூட்டின் அருகிலும் பாதை மெல்ல ஒரு மேடு ஏறி, அல்லது இறங்கி, மறுபடியும் சமமாகிவிடுகிறது. அஜான் நகரத்தில் கால்வாயே ஆற்றுக்கு மேலே போகிறது. 23 வளைவுகள் கொண்ட 539 மீட்டர் நீளக் கல் தொட்டிப்பாலத்தில் ஒரு பக்கம் படகு மிதக்க, அதன் விளிம்பை ஒட்டி நாம் ஓட்டலாம். கீழே எட்டிப் பார்த்தால் கரோன் ஆறு ஓடுகிறது. நேர்கோட்டில் போவதால் இந்தக் கரை சலிப்பூட்டுகிறது என்று பழகிய ஓட்டிகள் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு மலைகள் இருக்கின்றன. பக்கத்தில் ஓட்டுபவரோடு இரண்டு மணி நேரம் விடாமல் பேசிக்கொண்டே போகக்கூடிய வழி வேறு எங்கே இருக்கிறது?

இந்தக் கால்வாயை விட்டு போர்தோ நோக்கிப் போகும்போதுதான் நான் சொல்ல வந்தது கண்ணெதிரே நிற்கிறது. போர்தோ பக்கத்தில், சோவ்தேர் தெ குய்யேன் ஊரிலிருந்து தொடங்கும் இன்னொரு பழைய ரயில் தடம் அருமையான பசுமைப் பாதையாக இருக்கிறது. 1937-இல் தூர் தெ பிரான்ஸ் போட்டியை வென்ற ரொஜே லபெபியின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் கால்வாய்ப் பாதையும் ரயில் தடப் பாதையும் தாமாக ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் திராட்சைக் குன்றுகள் ஏறி இறங்கும் நாட்டுப்புறச் சாலைகளில் கார்களோடு சேர்ந்துதான் போக வேண்டும். மொத்தப் பயணத்தில் அது ஒரு சிறு துண்டு. பழகியவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு முழுப் பயணமும் அந்தத் துண்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

துலூசுக்குக் கிழக்கே வேறு விதமான இடைவெளி. பியேர் போல் ரிக்கேயின் திட்டப்படி 1666 முதல் 1681 வரை வெட்டப்பட்ட 'கனால் து மிதி' 240 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கால்வாய். 1996 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். நீர் ஒன்றுதான், கரைதான் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறது. ஒத் கரோன் மாவட்ட எல்லை வரை வழவழப்பான தார். எல்லையைத் தாண்டி ஓத் மாவட்டத்துக்குள் போனால், நெடுங்காலமாக, வேர்கள் புடைத்த மண் தடம். மழை பெய்தால் சேறு. கால்வாய்க் கரை நெடுக இருந்த சுமார் 42,000 பிளாத்தான் மரங்களிடையே பூஞ்சை நோய் பரவி, 2006 முதல் அவை வரிசை வரிசையாக வெட்டப்பட்டு வேறு இன மரங்கள் நடப்படுகின்றன. நிழலும் போய்த் தரையும் கெட்ட இடத்தில் கோடைப் பகலில் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்பதை ஓட்டியவர்கள் அறிவார்கள். வெட்டிய இடங்களில் மரம் நடும்போதே பாதையையும் செப்பனிடுவதை ஒரே வேலையாகச் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சாலையைக் கடக்கும் இடங்களில் மோட்டார் சைக்கிள்கள் நுழையாதிருக்க வளைந்து செல்லும் இரும்புத் தடுப்புகளை வைக்கிறார்கள். நோக்கம் நியாயமானது. ஆனால் பின்னால் குழந்தை வண்டியைக் கோத்து வருபவர் அதில் நுழைய முடியாமல் கொக்கியைக் கழற்றி, குழந்தையை இறக்கி, இரண்டையும் தனித்தனியே தள்ளிக்கொண்டு போய் மறுபக்கம் மாட்ட வேண்டியிருக்கிறது. பக்கப் பைகள் கம்பியில் இடிக்கின்றன. கையால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டியில் வரும் மாற்றுத்திறனாளிக்கு அங்கே பாதையே முடிந்துவிடுகிறது. தள்ளித் தள்ளி நட்ட தூண்கள் போதும்.

போக்குவரத்துக் குறைந்த சாலையில் பலகை வைத்து வழிகாட்டினாலே போதுமே, குறைந்த செலவில் நிறையத் தூரம் கிடைக்குமே என்பது எதிர்வாதம். லுவார் பாதையின் பெரும்பகுதி அப்படித்தான் அமைந்தது. அது வெற்றியும் பெற்றது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரான்சின் நாட்டுப்புறச் சாலைகளில் பொதுவான வேக எல்லை 80 கிலோமீட்டர். ஊருக்கு வெளியே மிதிவண்டியை முந்தும்போது ஒன்றரை மீட்டர் விலகிச் செல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வளைவில் அவசரமாக வரும் ஓட்டுநர் அதை நினைப்பார் என்று நம்பி நான் ஒரு குழந்தையை அனுப்ப மாட்டேன். அடுத்த 300 கிலோமீட்டருக்குப் புதுப் பெயர்ப்பலகை நடும் பணத்தில், இருக்கும் பாதைகளின் அறுந்த இடங்களில் பத்தையாவது முதலில் இணைக்கட்டும்.

பிரான்சில் வாழும் நம்மவர்களுக்கு ஒரு சொல். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் குடும்பம் குடும்பமாக லூர்து மாதா கோவிலுக்குப் போகிறோம். அந்த ஊரிலிருந்தே பிரெனே மலையடிவாரத்துக்குள் பியேர்ஃபித் வரை சுமார் 18 கிலோமீட்டர் பழைய ரயில் தடப் பசுமைப் பாதை போகிறது. அர்ஜெலே வழியாக ஆற்றோடு சேர்ந்து செல்லும் எளிய பாதை. வழிபாடு முடிந்த மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு காலைப்பொழுதில் அதில் ஓட்டிப் பாருங்கள்.

பிறகு உங்கள் ஊர் நகரசபையில் சாலைத் திட்டமோ நிலப் பயன்பாட்டுத் திட்டமோ பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்படும்போது, அந்தப் பதிவேட்டில் எழுதுங்கள். குடியுரிமை கேட்கமாட்டார்கள், யார் வேண்டுமானாலும் எழுதலாம். எந்தத் தெருவுக்கும் எந்தப் பாதைக்கும் இடையில் எத்தனை மீட்டர் விட்டுப்போயிருக்கிறது என்று இடத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அந்தக் கருத்துகளைத் தொகுத்து அறிக்கையில் சேர்க்க வேண்டியது விசாரணை அதிகாரியின் கடமை.