நீங்கள் துரத்திய கரடியை மறுநாள் யார் சந்திப்பது?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்பாதீர்கள். நேற்று ராத்திரியிலிருந்து மாற்றி மாற்றி அனுப்புகிறீர்கள். ஒரு தடவைக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. முதுகில் 2 குட்டிகளைச் சுமந்துகொண்டு தாய்க்கரடி தார்ரோட்டில் ஓடுகிறது. பின்னாலேயே பைக், அதன் மேலேயே அடிக்கும் ஹெட்லைட், விடாத ஹாரன், கூச்சல். வளைவில் ஒரு குட்டி நழுவி விழுகிறது. தாய் நின்று திரும்புகிறது. அதோடு வீடியோ முடிகிறது. கீழே வரிசையாகக் கைதட்டல்.

நான் அங்கே எழுதியது ஒரே வரி. குட்டியோடு போகிற கரடியைத் துரத்தாதீர்கள், அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்: "டவுன்ல உக்காந்துகிட்டு மிருகத்துக்கு வக்காலத்து வாங்காதே. உன் வீட்டு ஆளைக் கரடி அடிச்சாத்தான் உனக்குத் தெரியும்."

சரி, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். என் வீட்டு ஆளைக் கரடி அடித்திருக்கிறது. என் சித்தப்பாவை.

தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்து வேலைக்குப் போன காலை நேரம். பனி விலகவில்லை. செடி வரிசை முடிகிற இடத்தில் திரும்பினார், அங்கே புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. 4 எட்டு தூரம்கூட இல்லை. எழுந்து நின்று ஒரே அடி. நெற்றியிலிருந்து கன்னம் வரை தையல் போட்டார்கள். இடது கண் போய்விட்டது. நிவாரணப் பணத்துக்காக சித்தி எத்தனை தடவை பஸ் ஏறி இறங்கினார் என்பதை நான் இங்கே எழுத ஆரம்பித்தால் பதிவு வேறு எங்கோ போய்விடும். சித்திக்கு இன்றைக்கும் கரடி என்றாலே ஆகாது. அந்தக் கோபத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். சித்தப்பா மட்டும் "அது என்ன பண்ணும், நான்தானே போயி அது மேலயே நின்னேன்" என்பார்.

அவர் சொல்வதுதான் விஷயம். கரடிக்குக் கண்ணும் காதும் மந்தம், மூக்கு மட்டும்தான் கூர்மை. மேல்வரிசையில் நடுப்பல் 2 இருக்காது. அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சும். அந்த மும்முரத்தில் ஆள் வருவதே அதற்குத் தெரியாது. திடீரென்று பக்கத்தில் ஆளைப் பார்த்தால் அடித்துவிடும். புலி திரிகிற காட்டில் குட்டி வளர்க்கிற மிருகம் அது, எதிர்த்து நின்றுதான் பிழைத்திருக்கிறது. குட்டி கூட இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ராத்திரி 11 மணிக்கு நீங்கள் விரட்டிய கரடி எங்கே போகும்? முதுமலைக்கா? பக்கத்தில் பராமரிக்காமல் விட்ட தேயிலைக் காட்டுக்குள், உண்ணிப் புதருக்குள்தான் போய்ப் படுக்கும். குட்டியைத் தொலைத்திருந்தால் அங்கேயே சுற்றும். காலையில் அந்தப் புதர் ஓரமாக இலை பறிக்கப் போகிறவர் யார்? நீங்கள் இல்லை. பைக்கைப் பூட்டிவிட்டு நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். கூடையை மாட்டிக்கொண்டு போவது என் அம்மா மாதிரி ஒருத்தர். நீங்கள் மிரட்டிவிட்ட கரடி அவர் முகத்துக்கு நேராகத்தான் எழுந்து நிற்கும்.

"மனுஷ உயிர் பெரிசா, கரடி பெரிசா" என்று கேட்டவருக்கும் இதுதான் பதில். மனுஷ உயிர்தான் பெரிசு. அதனால்தான் துரத்தாதே என்கிறேன்.

சுட்டுத் தள்ளச் சொன்னவருக்கு நான் என்ன சொல்ல? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. நினைத்தவர் நினைத்தபடி சுட முடியாது. கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடலாமே என்று கேட்டவரின் பயம் நியாயமானது. பேக்கரிக் கதவை உடைத்த கரடியைப் பிடிக்க நாங்களும்தான் கூண்டு கேட்டோம். ஆனால் ஒன்றைப் பிடித்துப்போனால் இன்னொன்று வரும். ஏனென்றால் அதைக் கூப்பிட்ட சாப்பாடு இங்கேயே இருக்கிறது. கோயில் விளக்கில் எண்ணெய், ரேஷன் கடையில் பாமாயில், மரத்தடியில் விழுந்து அழுகுகிற பேரிக்காய், விடுதிகளுக்குப் பின்னால் கொட்டுகிற மிச்சச் சோறு. தூரத்திலிருந்தே வாசனை பிடிக்கிற மூக்குக்கு இதெல்லாம் போட்டு வைத்த இலை.

சங்கப் பாட்டில் கரடிக்கு எண்கு என்று பெயர். புற்றைத் தோண்டும், இருப்பைப் பூவை, அதாவது இலுப்பைப் பூவைத் தின்னும் என்று பாடி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கும் அதன் சாப்பாடு அதுதான், இன்றைக்கும் அதுதான். நாம்தான் புல்வெளியையும் சோலையையும் எடுத்துவிட்டுத் தேயிலையும் சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வைத்தோம். நாம் என்றால் நானும்தான். அந்தத் தேயிலையில்தான் என் பள்ளிக்கூடச் செலவு நடந்தது.

அதனால் காலி செய்துகொண்டு போ என்று யாரையும் சொல்லவில்லை. லைனுக்குப் போகிற பாதையில் விளக்கு போடுங்கள் என்கிறேன். எரியாத விளக்கைப் பற்றி எத்தனை வருஷமாகச் சொல்கிறோம்? குப்பைத்தொட்டிக்கு மூடி கேட்டோம், வரவில்லை. ராத்திரியில் கழிப்பறைக்கு வெளியே போக வேண்டியிருக்கிற பெண்கள் டின்னைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். அதை யாராவது வீடியோ எடுத்தீர்களா? அதற்கு யாராவது கைதட்டினீர்களா? சித்தப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் ஊர்ப் பெயர்கூட யாருக்கும் தெரியாது. இன்றைக்கு எங்களுக்காகக் கரடி மேல் கோபப்படுகிறீர்கள். அந்தக் கோபத்தில் எங்களுக்கு எதுவும் இல்லை.

இன்று காலை சித்தப்பா என் போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அந்த வீடியோவைப் பார்த்தார். "விழுந்த குட்டி எந்திரிச்சுச்சா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பைக்கில் போன தம்பி, மீதி வீடியோ உங்களிடம்தான் இருக்கும். எந்திரித்ததா?